விதைநெல்லைத் தின்றவர்கள்

1

2021 ஜூலை மாதக் கடைசி. இரவு பத்து மணிக்கு மேல் சுண்ணாம்புக்குளத்திலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தவள். வெளிமாநில ஆய்வகம் ஒன்றில் புராஜெக்ட் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். வைரஸ் புரதம் ஒன்றைச் சுத்திகரித்து, படிகமாக வளர்த்து, எக்ஸ் கதிரில் வைத்துப் படம் எடுக்கும் வேலை. சம்பளம் சுமார். ஹாஸ்டல் உண்டு.

“அண்ணா, போலாமா? அப்பா உன்னக் கேக்கச் சொன்னாரு.”

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான். அதனால் எல்லாம் தெரிந்தவன் என்று ஒரு பெயர். அந்த வாரம்தான் ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளம் வெளியாகியிருந்தது. மூன்றரை லட்சம் புரதங்களின் வடிவத்தைக் கணினியே ஊகித்துச் சொல்லிவிட்டது என்று எங்கள் ஆபீஸ் சாட் முழுக்க ஆரவாரம். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“கிரிஸ்டலா? அதெல்லாம் முடிஞ்சுபோச்சு பாப்பா. ஏஐ பண்ணிடுச்சு. நீ போய் வருஷக்கணக்கா சொட்டு வெச்சுப் பாத்துட்டு இருக்கப்போற. மெட்ராஸ் வா. நான் பாத்துக்கிறேன்.”

வந்தாள். மெடிக்கல் கோடிங் படித்தாள். ஓ.எம்.ஆரில் வேலை. நேரத்துக்குச் சம்பளம். சித்தப்பா இன்றும் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்கிறார். என் ஆலோசனை பலித்தது, யாருக்கும் புகார் இல்லை. ஆனால் நான் அன்று சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் பொய். தெரிந்து சொன்ன பொய்கூட இல்லை. தெரியாமல், தெரிந்தவன் தோரணையில் சொன்னது. என் தொழிலில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதே வாக்கியத்தை இன்றும் தங்கைகளிடமும் தம்பிகளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது.

2

எதை “முடிஞ்சுபோச்சு” என்றேன் என்பதை முதலில் பார்ப்போம். ஓர் உதாரணம் போதும்: ஈஸ்டுக்குள் இருக்கும் ஒரு வைரஸ்.

டீக்கடை பன்னை உப்ப வைக்கும் அதே ஈஸ்டின் பல ரகங்களுக்குள் எல்-ஏ என்ற வைரஸ் குடியிருக்கிறது. 1963-இல் சில ஈஸ்டுகள் பக்கத்து ஈஸ்டுகளை நஞ்சு கக்கிக் கொல்வதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சுக்கான குறிப்பைச் சுமப்பது ஒரு துணை ஆர்.என்.ஏ. அதற்குச் சொந்தமாகக் கூடு கிடையாது, எல்-ஏ கட்டிய கூட்டில் ஒண்டிக்கொள்கிறது. எல்-ஏவுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. அது செல்லைவிட்டு வெளியே வருவதே இல்லை. தாய் செல் பிரிந்தால் மகளுக்குப் போகும், இரண்டு ஈஸ்டுகள் கூடினால் அடுத்ததற்குப் போகும். பிறந்த வீட்டை விட்டு வாசல் தாண்டாத வைரஸ்.

அதன் கூட்டை அணுவுக்கு நெருக்கமாகப் பார்த்தது 2002-இல். படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, 3.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஒரே புரதத்தின் 120 பிரதிகள் சேர்ந்து அந்தக் கூட்டைக் கட்டுகின்றன. வைரஸ் கூடுகளின் வழக்கமான வடிவக் கணக்கில் 60 வரும், 180 வரும், 120 வராது. எப்படி? ஒரே புரதம் இரண்டு வேறு இடங்களில் சற்றே வேறு வடிவம் எடுத்து, ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தது. 60 ஜோடிகள். கணக்கு சரியாகிவிட்டது.

அதைவிடச் சுவாரசியம் கூட்டின் வெளிப்பக்கத்தில் தெரிந்த ஒரு பள்ளம். செல் தன் செய்தி ஆர்.என்.ஏக்களுக்கு முனையில் ஒரு தொப்பி போடும். தொப்பி இல்லாத ஆர்.என்.ஏவைக் கண்டால் செல்லின் காவல்காரன் அடித்துத் தின்றுவிடுவான். எல்-ஏவின் ஆர்.என்.ஏ தொப்பி இல்லாமல்தான் பிறக்கிறது. அப்புறம் எப்படிப் பிழைக்கிறது? கூட்டுப் புரதத்தின் 154-ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் செல்லின் செய்திகளிலிருந்து தொப்பியைக் கழற்றுகிறது என்பது முன்பே தெரியும். அந்த 154 கூட்டில் சரியாக எங்கே இருக்கிறது, தொப்பி எதற்குள் போய் மாட்டும் என்பதைப் படிகம் காட்டியது. கழற்றிய தொப்பியை வைரஸ் தன் ஆர்.என்.ஏ தலையிலேயே மாட்டிக்கொள்கிறது என்று 2011-இல் வந்த ஆய்வு சொன்னது. சுத்தமான திருட்டு.

வாசல் தாண்டாத வைரஸ், திருட்டுத் தொப்பி! இதை ஒருவர் உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியாது. யாரோ வளர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

3

வளர்ப்பது என்றால் என்ன? எங்கள் துறையில் ‘டேட்டா’ என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று, வருத்தம் வந்த பிறகுதான் படித்தேன்.

முதலில் ஈஸ்ட், லிட்டர் லிட்டராக. அதன் தடித்த சுவரை உடைக்க வேண்டும், வைரஸ் உடையக் கூடாது. அந்தக் குழம்பை மையவிலக்கியில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றி, அடர்த்தி வாரியாக அடுக்குப் பிரிய வைத்து, குழாயில் மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கும் வைரஸை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருபதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்ன உருண்டைகள். எல்லாம் ஒரே மாதிரி, அழுக்கில்லாமல், உடையாமல் இருக்க வேண்டும்.

பிறகு சொட்டு. ஒரு மைக்ரோலிட்டர் வைரஸ் கரைசல், ஒரு மைக்ரோலிட்டர் உப்போ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கலந்த கரைசல். கண்ணாடி வில்லையில் வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, சுற்றிலும் கிரீஸ் தடவி மூட வேண்டும். சொட்டிலிருந்து நீர் மெதுவாக ஆவியாகிக் கீழே உள்ள கரைசலுக்குப் போகும். உப்பளத்தில் நடப்பதுதான், ஆனால் கடிவாளம் போட்டு நடக்கிறது. வேகமாக வற்றினால் வெறும் கசடு. மெதுவாக வற்றினால், அதிர்ஷ்டம் இருந்தால், பூக்கும். உப்பு ‘பூக்கிறது’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அமிலத்தன்மை மாற்றி, உப்பு மாற்றி, வெப்பநிலை மாற்றி, நூற்றுக்கணக்கான சொட்டுகள். வாரக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் கண். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

பூத்தாலும் அது கல்கண்டு மாதிரி கெட்டியாக இருக்காது. புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி நீர். ஊசி பட்டால் நொறுங்கும். எக்ஸ் கதிரே அதைக் கொல்லும். படத்தில் கிடைப்பது புள்ளிகள், ஆயிரமாயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு பிரகாசம் என்று தெரியும். அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பது பதிவில் தொலைந்துவிடும். கச்சேரியில் எந்த வாத்தியம் எவ்வளவு சத்தம் என்று மட்டும் பதிவாகி, எது எப்போது ஒலித்தது என்பது அழிந்துபோனால் பாட்டை எப்படி மீட்பீர்கள்? வைரஸ் கூட்டில் ஒரே அமைப்பு அறுபது முறை திரும்ப வருவதை வைத்துத்தான் தோராயமான ஒரு வடிவத்திலிருந்து தொடங்கி, சராசரி எடுத்து எடுத்து, அந்தப் பாட்டை மீட்கிறார்கள். அங்கே கணினி வருகிறது. கடைசியில்தான் வருகிறது.

இது எங்கோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். பழவேற்காடு ஏரியிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் திருப்பதி. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அகத்தி இலைகள் தேமல் விழுந்து வெளுத்ததை 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். காரணம் ஒரு வைரஸ். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.என். மூர்த்தியும் எச்.எஸ். சாவித்திரியும் சேர்ந்து இயங்கிய குழு அதைப் படிகமாக்கி, 1995-இல் 3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வடிவத்தை வெளியிட்டது. 180 புரதங்கள் கொண்ட கூடு. அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில் கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருந்தன. நம் பாட்டிகள் சொல்லும் அதே சுண்ணாம்புச் சத்து. நாம் கீரைக்கட்டில் தேமல் இலையைப் பார்த்தால் கிள்ளிப் போட்டுவிடுவோம். ஒருவர் கிள்ளிப் போடாமல் எடுத்து வைத்ததில் தொடங்கியது அது.

4

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

ஆல்ஃபாஃபோல்ட் வெறும் ஆரவாரம் என்று நான் சொல்லவில்லை. 2020 இறுதியில் அது செய்து காட்டியது உண்மையான சாதனை. 2024 வேதியியல் நோபல் பரிசில் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் பங்கு கிடைத்ததில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் கேள்வி ஒன்றுதான்: அது எதைத் தின்று வளர்ந்தது?

1971-இல் புரதத் தரவு வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கும்போது அதில் இருந்தவை ஏழே ஏழு வடிவங்கள். அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க ஆய்வு மாணவர்கள் சொட்டு வைத்து, பூக்காமல் அழுது, பூத்ததை உடைத்து, மறுபடி வளர்த்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டார்கள், இலவசமாக, எல்லோருக்கும். ஆல்ஃபாஃபோல்டைப் பழக்கியபோது அதில் சுமார் 1,70,000 வடிவங்கள் இருந்தன. ஈஸ்ட் வைரஸும் உண்டு, திருப்பதி அகத்தி வைரஸும் உண்டு. அந்தக் களஞ்சியம் இல்லையென்றால் உலகத்தின் எல்லா சர்வர்களையும் சேர்த்து ஓட்டினாலும் அந்த மென்பொருள் வாய் திறந்திருக்காது.

சரி, அது சொல்லும் பதில் நம்பத்தக்கதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? பல சோதனைகளில் முதன்மையான ஒன்றின் பெயர் ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்ற கணக்கு. மேசைக் கணக்கிடும் கருவியை வைத்துப் போட்ட கணக்கு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1954-இல், அதே ஊரில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழைச் சுருளை முன்வைத்தார்கள். எக்ஸ் கதிர்ப் படத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் கங்காரு வால் தசைநாரும் ஒன்று. பணம் இல்லாத பல்கலைக்கழகம், கைக்குக் கிடைத்த பொருள், பொறுமை.

மேடையில் ராமச்சந்திரன் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவோம். வீட்டில் ஒரு பெண் அதே வேலையைச் செய்யப் போகிறேன் என்றால் “முடிஞ்சுபோச்சு” என்போம்.

விதைநெல்லைத் தின்றுவிட்டு இனி உழவே தேவையில்லை என்பவனை ஊரில் என்ன சொல்வார்கள்? நாங்கள் அதைத்தான் செய்கிறோம், ஏசி அறையில் உட்கார்ந்து, ‘மாடல்’ என்று பெயர் வைத்து. தரவு எங்கள் கண்ணுக்குக் கோப்பாகத் தெரிகிறது. டவுன்லோட் செய்தால் வருகிறது. வருவதால் அது எப்போதும் இருந்தது என்றும், இனியும் வந்துகொண்டே இருக்கும் என்றும் நினைக்கிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதால் ஏரி தேவையில்லை என்று நினைக்கும் நகரத்துக்காரன் புத்தி.

5

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் உடனே வரும். இரண்டும் நியாயமானவை.

ஒன்று: “இப்போது யார் வைரஸைப் படிகமாக்குகிறார்கள்? எல்லாம் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்.” உண்மை. 2017 வேதியியல் நோபல் அதற்குத்தான். வைரஸைப் படிகமாக்காமல், மெல்லிய பனிப்படலத்தில் சட்டென்று உறைய வைத்துப் படம் எடுக்கிறார்கள். பெரிய கூடுகளுக்கு அதுதான் இன்று முதல் வழி. ஆனால் உறைய வைப்பதற்கு முன்னால் ஈஸ்டை யார் வளர்ப்பது? செல்லை யார் உடைப்பது? வெள்ளைக் கோட்டை யார் உறிஞ்சுவது? பனி சரியாக அமைந்ததா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு யார் பார்ப்பது? முறை மாறியது, கை மாறவில்லை. அவள் அந்த ஆய்வகத்தில் சேர்ந்திருந்தால் இன்று கிரையோவும் கற்றிருப்பாள். படிகம் வளர்க்கப் பழகிய கைக்கு அது பக்கத்துத் தெரு.

இரண்டாவது, பழைய கேள்வி: “இதனால் என்ன பிரயோஜனம்?” இதைச் சித்தப்பாவே கேட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, ஏரியிலிருந்து தள்ளி அவர் குத்தகைக்கு எடுத்திருக்கும் இறால் குளத்தின் கரையில், குற்ற உணர்ச்சி தாங்காமல் ஈஸ்ட் வைரஸ் கதையை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரிப்பா. அதால எறாலுக்கு இன்னா பிரயோஜனம்?”

நல்ல கேள்வி. பதிலும் இருக்கிறது. அந்த ஈஸ்ட் வைரஸுக்குத் தூரத்து உறவுக்கார வைரஸ் ஒன்று இறாலைக் கொல்கிறது. 2002-இல் பிரேசிலில் தலைகாட்டிய நோய் அது. தசை வெள்ளையாகி, செத்து மிதக்கும். பிறகு ஆசியாவுக்கு வந்தது. இந்தியாவில் வனாமி இறாலில் அது வந்துவிட்டது என்று 2017-இல் அறிவித்தவர்கள் மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் சாகுல் ஹமீது குழுவினர். ஒரு சின்ன ஊரின் கல்லூரி. அந்த இறால் வைரஸின் கூட்டை 2008-இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அதிலும் அதே 120 கணக்கு. ஆனால் ஒரு வித்தியாசம்: கூட்டின் முனைகளில் இழை போல் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள். ஈஸ்ட் வைரஸுக்கு அவை இல்லை. அது வாசல் தாண்டாதது. இறால் வைரஸ் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கும், ஓர் இறாலிலிருந்து இன்னொன்றுக்கும் போயாக வேண்டும். வீட்டிலேயே இருப்பவனை முழுதாகப் பார்த்து வைத்திருந்ததால்தான், ஊர் சுற்றுகிறவன் கையில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று புரிந்தது.

“மருந்து வந்துச்சா?” என்றார்.

வரவில்லை என்றேன். அவர் சிரித்தார். ஆனால் எழுந்து போய், செக் டிரேயைத் தண்ணீரிலிருந்து தூக்கி, நாலு இறாலை வெளிச்சத்துக்குப் பிடித்து, குடல் நிறைந்திருக்கிறதா, தசை வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். தினமும் பார்க்கிறார். குஞ்சு வாங்கும்போது பிசிஆர் ரிப்போர்ட் கேட்கிறார். அந்த ரிப்போர்ட் எங்கிருந்து வந்தது? எங்கோ ஒருவர் செத்த இறாலை அரைத்து, வைரஸைப் பிரித்து, அதன் மரபுக் குறிப்பைப் படித்து வைத்ததால் வந்தது. அவருக்குப் பிரயோஜனம் ஏற்கெனவே கையில் இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த கைதான் தெரியவில்லை.

சித்தப்பாவின் கேள்வியையும் என் வாக்கியத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. அவர் தன் குளத்தைக் காப்பாற்றக் கேட்கிறார். நான் என் தொழிலின் பெருமையைக் காப்பாற்றச் சொன்னேன்.

6

சுண்ணாம்புக்குளத்தின் மொட்டை மாடிகளிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் போவது தெரியும். கவுண்ட்டவுன் நாட்களில் ஊரே மேலே ஏறும். கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அறிவியல் என்றால் நம் மனதில் அதுதான்: சத்தம், நெருப்பு, வானம். ஒரு மைக்ரோலிட்டர் சொட்டுக்கு மொட்டை மாடி கிடையாது.

ஆனால் இந்த ஏரிக்கு ஒரு காலத்தில் பாதுகாப்பு வந்தது சத்தமில்லாத வேலையால்தான். நாகப்பட்டினம் பக்கத்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது. அந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்றது, நீரி நிறுவன ஆய்வாளர்கள் கடற்கரை நெடுக நேரில் போய்ப் பார்த்துக் கொடுத்த அறிக்கைகளில். தீர்ப்பு எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு சண்டை. நான் சொல்வது, நீதிபதி முன்னால் வைக்க ஏதோ இருந்தது. யாரோ குனிந்து எடுத்து வைத்திருந்தார்கள்.

குனிந்து எடுப்பவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 31,000-ஆக இருந்து, 2023-இல்தான் 37,000 ஆனது. அதுவும் தகுதித் தேர்வு தாண்டியவர்களுக்கு. அது மாதாமாதம் வந்து சேருமா என்று ஆய்வு மாணவர்களைக் கேளுங்கள். நான் புதுசாகச் சேர்ந்த பையனுக்கு லேப்டாப் கொடுக்கும் நாளிலேயே அதைவிட அதிகம் கொடுக்கும் துறையில் இருக்கிறேன். அதனால்தான் என் வாய்ச்சொல்லுக்கு அந்த எடை. அதனால்தான் அதைப் பார்த்துப் பேச வேண்டும்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது “ஆய்வகத்துக்குப் போகட்டுமா?” என்று கேட்டால், சம்பளம் குறைவு என்று சொல்லுங்கள், உண்மை. தோல்வி அதிகம் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மை. குடும்பத்தில் கடன் இருந்தால் அதைப் பேசுங்கள். ஆனால் அந்த வேலையைக் கணினி முடித்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது நமக்குத் தெரியாத விஷயம். நமக்குத் தெரிந்த ஒரே விஷயம், அவர்கள் நிறுத்திவிட்டால் நாம் பழைய சோற்றையே கிளறிக்கொண்டிருப்போம் என்பதுதான்.

பொங்கல் அன்று கிளம்பும்போது அவளிடம் கேட்டேன்: “அன்னிக்கு நீ ஏன் என்கூட சண்டை போடல? உனக்குத்தான் விஷயம் தெரியுமே.”

“நீ தெரிஞ்சு பேசறேன்னு நெனச்சேண்ணா.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை.

இந்த வருடம் இரண்டு ஆய்வகங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று சித்தி சொல்லித் தெரிந்தது. போடலாமா என்று என்னிடம் கேட்கவில்லை.

நல்லது.